பல்லுக்காகக் காத்திருக்கும் இட்லி

ஹிஞ்சவடி, வாகட், கராடி என்று புனேயின் ஐ.டி. வட்டாரத்தில் எந்த அடுக்ககத்தில் ஏறினாலும் ஒரு தமிழ்க் குடும்பமாவது இருக்கும். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த பாட்டியும் இருப்பார். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியும் வாயில் ஒரு பல்லைக்கூடக் காணோம் என்றால், சமையலறையில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கும்.

வாகடில் நான் பார்த்த பஞ்சாயத்து ஓர் இட்லியைப் பற்றியது. மருமகள் இட்லியை விரல் நீளத்துக்கு நறுக்கி, மகன் முன்னால் தட்டில் வைத்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமியார் சத்தமில்லாமல் தட்டை நகர்த்தினார்.

"பல்லு ஒண்ணுகூட வரலையேம்மா. புள்ள எதை வச்சி மெல்லுவான்? மிக்ஸில போட்டு ஒரு சுத்து சுத்திக் குடு."

"ஈறு இருக்குல்ல அத்தை. அதுலயே மசிச்சிருவான். டாக்டர்தான் சொன்னாங்க."

"டாக்டர் சொல்லுவாங்க. தொண்டையில அடைச்சா நாமதான ஓடணும்?"

பாட்டியின் பயம் நியாயமானது. கணக்குதான் தப்பு.

குழந்தைக்கு முதலில் முளைப்பவை கீழ் முன்பற்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து 10 மாதத்துக்குள் வந்துவிடும். முதல் பிறந்தநாள் வரை பொக்கை வாயோடு சிரிக்கும் பிள்ளைகளும் உண்டு, அதில் கவலைப்பட எதுவுமில்லை. முன்பல்லின் வேலை கடித்துத் துண்டாக்குவது. அரைப்பது கடைவாய்ப்பல்லின் வேலை. முதல் கடைவாய்ப்பற்கள் வருவது 13 மாதத்துக்கும் 19 மாதத்துக்கும் நடுவில். அடுத்த வரிசை இரண்டு வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். ஆகவே, 'பல் வரட்டும், அப்புறம் பார்ப்போம்' என்பதை அப்படியே கடைப்பிடித்தால், உலகத்துப் பிள்ளைகள் எல்லாருமே ஒன்றரை வயது வரை கூழ் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கீழே இரண்டு அரிசிப்பல் வந்த பிள்ளையும், ஒன்றும் வராத பிள்ளையும் மெல்லுகிற விஷயத்தில் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். சொல்லப்போனால், பல் வந்த பிள்ளையிடம்தான் ஒரு கண் கூடுதலாக வைக்க வேண்டும். அவனால் ஆப்பிளைத் துண்டாகக் கடித்து எடுக்க முடியும். எடுத்ததை அரைக்கத்தான் முடியாது.

மெல்லுவதற்கு இந்த வயதில் இருப்பது ஈறு. பிறக்கும்போதே 20 பால்பற்களும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் அந்த ஈறு அவ்வளவு கெட்டி. பாலூட்டும்போது கடி வாங்கிய எந்தத் தாயிடமும் அதன் பலத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்க முடியாது. வெந்த பரங்கிக்காயை மசிக்க அது தாராளமாகப் போதும்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தொடங்குவது? வாயை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். 6 மாதம், அதாவது 180 நாள் நிறைந்திருக்க வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டால் முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். கண்ணில் பட்டதைக் கையால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். இவை இருந்தால் இட்லிக்கு நேரம் வந்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், வளர்ச்சி சற்றுத் தாமதமாக இருக்கும் பிள்ளைக்கும் குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

6 மாதத்தில் மசித்ததும் கூழானதும், 8 மாத வாக்கில் கையில் எடுத்துத் தின்னும் உணவு, ஒரு வயதில் வீட்டார் சாப்பிடுவதே குழந்தைக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் படிக்கட்டு. அதில் பல்லைப் பற்றிப் பேச்சே கிடையாது.

மிக்ஸியின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் 6 மாதத்தில் ஓடத் தொடங்கும் மிக்ஸி, ஒன்றரை வயதானாலும் நிற்பதில்லை. மெல்லுவது தானாக வருகிற வித்தை அல்ல. உணவை நாக்கால் ஓரத்துக்குத் தள்ளி, ஈறுக்கு நடுவில் நிறுத்தி, தாடையை அசைத்து, உருட்டி விழுங்கக் குழந்தை பழக வேண்டும். அதற்கு ஏற்ற பருவம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்துவரும் ஆய்வு இதைக் காட்டியது. கட்டியும் துண்டுமான உணவை 10 மாதத்துக்குப் பிறகுதான் பார்த்த பிள்ளைகளுக்கு, 15 மாதத்தில் சாப்பாட்டுத் தகராறு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்று 2001-ல் எழுதினார்கள். அதே பிள்ளைகளை 7 வயதில் பார்த்தபோது, 9 மாதம் தாண்டித் தொடங்கியவர்கள் காய், பழம் தின்பதில் பின்தங்கியிருந்தார்கள். 'என் பையன் சோத்துல ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் துப்பிடறான்' என்று இரண்டு வயதுப் பிள்ளையோடு மருத்துவரிடம் வரும் பெற்றோரின் கதை, பல நேரம் எட்டாம் மாதத்து மிக்ஸியில் தொடங்கியிருக்கும்.

பாட்டி சொன்னதில் பாதி சரி என்றால், இணையத்தில் வளரும் இளம் அம்மாக்கள் சொல்வதிலும் பாதிதான் சரி. கரண்டியே கூடாது, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் குழந்தையே கையால் எடுத்துத் தின்ன வேண்டும் என்ற முறையைப் பரப்பியவர் பிரிட்டனைச் சேர்ந்த கில் ராப்லி. வீடு வீடாகப் போய்த் தாய்-சேய் நலம் பார்க்கும் செவிலியராக இருந்தவர். 2008-ல் அவர் டிரேசி மர்க்கெட்டுடன் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் போனது. அவருடைய வாதம் எளிமையானது. முன்பு 4 மாதத்தில் உணவு தொடங்கினார்கள். அந்த வயதில் உட்காரவே முடியாத பிள்ளைக்குக் கூழ் தேவைப்பட்டது. 6 மாதம் என்று ஆன பிறகு, உட்காரவும் பிடிக்கவும் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கூழ்க் கட்டம் எதற்கு?

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் இருக்கும் இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மகாராஷ்டிராவில் 68.9, தமிழ்நாட்டில் 57.4. தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு 6 மாத வாக்கில் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அந்த நேரத்தில் தட்டில் வெறும் கேரட் குச்சியும் வாழைப்பழமும் வைத்து, அதிலும் முக்கால்வாசி தரைக்குப் போனால், படம் அழகாக இருக்கும், ரத்தம் ஊறாது. ஆகவே கரண்டியும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும். பருப்பு சாதத்தை நீங்கள் ஊட்டுங்கள். ஊட்டும்போதே அவன் கையில் ஒரு துண்டு இருக்கட்டும். இரண்டும் கலந்தால் குழந்தை குழம்பிப்போகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படியெல்லாம் குழம்புவதில்லை.

மண்டையில் என்ன வாங்கலாம்?

புனே நகரின் நடுவில் இருக்கும் மகாத்மா புலே மண்டை, 1886-ல் ரே மார்க்கெட் என்ற பெயரில் திறக்கப்பட்ட காய்கறிச் சந்தை. எண்கோணக் கட்டடத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஒரு நடை நடந்தால், பல்லில்லாத பிள்ளைக்கு வேண்டிய அத்தனையும் ஒரே பைக்குள் வந்துவிடும். அவகாடோ வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

முதலில் கண்ணில் படுவது ரதாளே, நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மகாசிவராத்திரி, ஆஷாட ஏகாதசி போன்ற விரத நாட்களுக்கு முன்னால் இங்கே மலைபோல் குவிந்துவிடும். தோலோடு வேகவைத்து, உரித்து, உங்கள் சுண்டுவிரலைவிடச் சற்றுத் தடிமனாக நறுக்கினால் முதல் துண்டு தயார். அடுத்து லால் போப்ளா, அதாவது பரங்கிக்காய். பீட்ரூட், கேரட், உருளை, சௌசௌ எல்லாமே ஆகும், நன்றாக வெந்திருந்தால். 'நன்றாக' என்பதற்கு அளவு உங்கள் கையிலேயே இருக்கிறது. வெந்த துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். சிரமமில்லாமல் நசுங்கிக் கூழாக வேண்டும். நழுவி ஓடினாலோ, இரண்டாகப் பிளந்து கெட்டியாக நின்றாலோ, இன்னும் ஒரு விசில் வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் வாயில் போட்டு, பல் படாமல் நாக்காலும் மேலண்ணத்தாலும் அழுத்திப் பாருங்கள். உங்கள் நாக்கால் மசிகிறதை அவன் ஈறு மசிக்கும். கேரட் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள்: வெளியே குழைந்திருக்கும், நடுத்தண்டு விறைப்பாக நிற்கும்.

துண்டின் அளவுக்குக் காரணம் பல் அல்ல, கை. ஆறு, ஏழு மாதத்தில் குழந்தை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். மூடிய முஷ்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கத் தெரியாது. அதனால் துண்டு முஷ்டிக்கு வெளியே இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சின்னச் சின்னதாக நறுக்கினால்தான் பத்திரம் என்று தோன்றும். இந்த வயதில் அது எடுக்கவும் வராது, எடுத்தாலும் நேராகத் தொண்டைக்குப் போகும். ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கத் தொடங்கும். சின்னத் துண்டுக்கு அப்போதுதான் வேளை. தரையில் கிடக்கும் எறும்பைக்கூட எடுத்து வாயில் போடும் அந்த வயதில், வெந்து நசுக்கிய பட்டாணியும் மூக்குக்கடலை அளவு பனீர்த் துண்டும் அவனுக்குப் பெரிய பொழுதுபோக்கு.

பழங்களில் வாழைப்பழம் வழுக்கும். கீழ்ப்பாதித் தோலை விட்டுவிட்டு மேல்பாதியை உரித்துக் கொடுங்கள், தோல்தான் கைப்பிடி. கொங்கணத்திலிருந்து வரும் ராஜேளி, நம் நேந்திரத்தின் உறவு. ஆவியில் வேகவைத்து, நடு நாரை எடுத்துவிட்டு நறுக்கலாம். புரந்தர் அத்திப்பழம் புவிசார் குறியீடு பெற்றது. நன்கு கனிந்ததைத் தோல் நீக்கி நாலாகக் கீறினால் ஈறிலேயே கரைந்துவிடும். மாம்பழக் காலத்தில் சதை ஒட்டிய கொட்டையைக் கையில் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். சாஸ்வட் பக்கத்துச் சீதாப்பழம் மட்டும் கொட்டைகளால் எனக்குப் பயம். ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, இரண்டாவது தடவையும் தேடிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

இனி அடுப்படி. தமிழ் வீட்டில் இட்லியைவிடத் தோதான துண்டு உணவு கிடையாது: மெத்தென்று இருக்கிறது, கையில் நிற்கிறது, எச்சில் பட்டதும் கரைகிறது. ஊத்தப்பம், ஆப்பத்தின் நடுப்பகுதி, மொறுமொறுப்பாகாமல் எடுத்த கேழ்வரகு தோசை எல்லாம் அதே வரிசை. மராத்தி வீடுகளில் அரிசி மாவில் வார்க்கும் காவனும், பாசிப்பருப்பை அரைத்து வார்க்கும் திரடேயும் நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். பக்கத்து வீட்டு ஆஜியிடம் கேட்டால் ஆம்பேமோஹர் அரிசியைக் குழைய வடித்து, மெத்கூட் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்த மவு பாத் செய்து தருவார். பருப்புகளையும் அரிசியையும் வறுத்து அரைத்த பொடி அது. கடைப் பொடியில் மிளகாயும் உப்பும் இருக்கும் என்பதால், குழந்தைக்கு வீட்டில் தனியாக வறுத்துக்கொள்வது நல்லது. அந்தச் சோற்றைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் வைத்தால் அதுவும் கையால் தின்னும் உணவு. முளைகட்டிய கேழ்வரகிலிருந்து எடுக்கும் நாச்சணி சத்துவை வழக்கமாகக் கஞ்சியாகத்தான் காய்ச்சுகிறார்கள். கொஞ்சம் கெட்டியாகக் கிளறித் தட்டில் பரப்பி ஆறவைத்தால் உறைந்துவிடும். கத்தியால் நீளநீளமாக வெட்டலாம்.

சப்பாத்தி சாது மாதிரி தெரியும், ஆனால் சாது இல்லை. எச்சில் பட்டால் பசைபோல் இழுபட்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பருப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தர வேண்டும்.

இரும்புக்கு என்ன செய்வது என்று கேட்டால், அசைவம் சாப்பிடும் வீடுகளுக்கு வேலை சுலபம். முட்டையை மெல்லிய ஆம்லெட்டாக வார்த்துக் கீற்றாக நறுக்கலாம். கோழிக் கொத்துக்கறியை நீர்விட்டுக் குழைய வேகவைத்துத் தட்டையாகத் தட்டலாம். ஈரலை வேகவைத்துக் கிழங்கோடு பிசைந்து, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும். மீனென்றால் வஞ்சிரமோ வாவலோ. முள்ளை விரலால் தடவித் தடவிப் பார்த்த பிறகே. சைவ வீடுகளில் பருப்பு அடை, பாசிப்பருப்புத் தோசை, கீரை சேர்த்த இட்லி; கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சை, இரும்பு உடம்பில் சேர உதவும். இதெல்லாம் இருந்தாலும், 2018-ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுக்கக வீடுகளுக்கு இந்தச் செய்தியே எட்டுவதில்லை. தடுப்பூசி போடப் போகும்போது கேளுங்கள்.

சிற்றுண்டி நகரத்தின் ஆபத்துகள்

புனே பெருமைப்படும் தின்பண்டங்களைப் பட்டியல் போட்டால், ஏறத்தாழ எல்லாமே இந்தப் பிள்ளைக்கு ஆகாதவை. லோணாவளா சிக்கி: கல் மாதிரி வெல்லம், உள்ளே முழு நிலக்கடலை. பாக்கர்வடி: உடைந்தால் கூர்மையான சில்லு. பேல்பூரியில் பொரி, சேவ், பச்சை வெங்காயம். விரத நாள் சாபுதாணா கிச்சடியில் ஒட்டிக்கொள்ளும் ஜவ்வரிசி, நடுநடுவே கடலைத் துண்டு. நம் பக்கத்து முறுக்கும் சீடையும் தேங்காய்ச் சில்லும் இதில் பங்காளிகள். பாப்கார்ன், பொட்டுக்கடலை, பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் துண்டு, கெட்டி மிட்டாய் எல்லாமே நாலு வயது வரை தள்ளியே இருக்கட்டும். இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் உணவுப் பொருட்களில் முதலிடம் முழு நிலக்கடலைக்கு. வழுவழுப்பு, கெட்டி, மூச்சுக்குழாய்க்குள் சரியாகப் பொருந்தும் அளவு என்று மூன்று குறையும் அதற்கு உண்டு.

திராட்சையும் அதே அளவுதான். மாசி மாதம் ஜுன்னர், நாராயண்காவ் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள். தோல் உரித்து, நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் உருண்டையாகவே இருக்கும், பயனில்லை.

தள்ளி வைக்க வேண்டியது முழு நிலக்கடலையைத்தான். நிலக்கடலையையே தள்ளி வைப்பது வேறு தப்பு. 2015-ல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு குழந்தை மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், 4 முதல் 11 மாத வயதிலேயே நிலக்கடலை உணவு கொடுத்துப் பழக்கியவர்களையும் அறவே கொடுக்காதவர்களையும் 5 வயதில் ஒப்பிட்டார்கள். கொடுக்காதவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது, கொடுத்தவர்களில் 3.2 சதவீதம்தான். புனே சமையலறைகளில் இதற்கான சரக்கு டப்பாவில் தயாராகவே இருக்கிறது: தாண்யாச்ச கூட், வறுத்துப் பொடித்த கடலை. ஆனால் அது கொரகொரப்பாக இருக்கும். இன்னொரு முறை நைஸாக அரைத்துச் சலித்து, பரங்கிக்காய்க் குச்சியின் மேல் தூவுங்கள். வழுக்கல் குறையும், கடலையும் பழகும். உடம்பு முழுக்கக் கடுமையான கரப்பான் இருக்கும் குழந்தைக்கும், முட்டை ஒவ்வாமை ஏற்கெனவே தெரிந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பிறந்தவுடன் சேனை வைக்கும் பழக்கத்தில் நாக்கில் தடவுகிற தேனும் சேர்த்துத்தான். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். 'உப்பில்லாம எப்படிம்மா இறங்கும்?' என்பது நம் நாக்கின் கேள்வி, அவனுடையது அல்ல. பல் வரும்போது கடிக்கட்டும் என்று கொடுக்கும் ரஸ்க்கிலும் பிஸ்கட்டிலும் சர்க்கரையும் மைதாவும்தான்; கயானி பேக்கரி ஷ்ரூஸ்பெரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பெரியவர்களுக்கு.

ஓங்கரிப்பும் அடைப்பும்

கையில் கொடுத்த முதல் வாரத்திலேயே ஒரு காட்சி நடக்கும். குழந்தை முகம் சிவந்து, நாக்கை நீட்டி, கண்ணில் நீர் வர ஓங்கரிக்கும். பாட்டி ஓடிவந்து உச்சந்தலையில் தட்டுவார், 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். அது அடைப்பு அல்ல, காவல். ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் இந்த வயதில் நாக்கின் முன்பக்கத்துக்கு அருகில் இருக்கிறது. மாதம் ஏற ஏறப் பின்னால் நகரும். துண்டு தொண்டையை நெருங்கும் முன்பே அது வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது விரலை விட்டு எடுக்கப் போனால்தான் துண்டு உள்ளே போகும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். சிரமம்தான்.

உண்மையான அடைப்பு சத்தம் போடாது. அழுகை வராது, இருமல் வராது, மூச்சு வராது, உதடு நீலமாகும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 206 குழந்தைகளை வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 8 மாதத்துக்குள் 35 சதவீதம் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது உணவு அடைத்திருந்தது. கையால் தின்றவர்கள், கரண்டியால் தின்றவர்கள் என்று பிரித்துப் பார்த்தால் வித்தியாசமில்லை. கையால் தின்ன வைத்த பெற்றோருக்கு எந்த உணவு ஆபத்து என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்பது முக்கியம். அப்படியிருந்தும், ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 7 மாதத்திலேயே ஆபத்தான உணவு ஏதோ ஒன்று தரப்பட்டிருந்தது. கையா கரண்டியா என்று சண்டை போடும் நேரத்தில் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம்.

அடைத்துவிட்டால் என்ன செய்வது என்பதை உணவு தொடங்கும் முன்பே வீட்டில் எல்லாரும், குறிப்பாகப் பகலில் குழந்தையோடு இருக்கும் பாட்டியும் ஆயாவும், கற்றிருக்க வேண்டும். குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடியுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா, திருப்பி மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். துண்டு வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவ வேண்டாம். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்த வேண்டாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கவும் வேண்டாம். குழந்தை அசைவற்றுத் துவண்டுவிட்டால் உடனே மார்பு அழுத்தமும் செயற்கைச் சுவாசமும். அதை ஒரு மணி நேரப் பயிற்சியில் நேரில் கற்றுக்கொள்வதுதான் முறை.

உட்காரும் விதமும் பாதிப் பாதுகாப்பு. நிமிர்ந்து உட்கார வேண்டும். உயர நாற்காலி இல்லாவிட்டால் உங்கள் மடியே போதும். படுத்துக்கொண்டு, தவழ்ந்துகொண்டு, சிரித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டு தின்னக் கூடாது. காரில் கண்டிப்பாகக் கூடாது. மும்பை-புனே விரைவுச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பின் சீட்டில் சத்தமில்லாமல் திணறும் குழந்தையை யாரும் கவனிக்கப்போவதில்லை.

எவ்வளவு தின்றான்?

அடுத்த பஞ்சாயத்து இதுதான். நாலு துண்டு வைத்தால் ஒன்றரைதான் வயிற்றுக்குப் போகிறது, பிள்ளை இளைத்துவிடும் என்று பாட்டிக்குக் கவலை. கொழுகொழு என்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்ற நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கிய ஆராய்ச்சி, வேடிக்கையாக, இதே ஊரில்தான் நடந்தது. ராஸ்தா பேட்டில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், 1993-ல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைவாக இருந்தும், தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பின்னாளில் நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வருவதற்கான காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். இப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு வேண்டியது பருப்பு, முட்டை, காய். நெய்யையும் சர்க்கரையையும் குழைத்துத் திணிப்பதால் தசை வளராது.

அளவைத் தீர்மானிக்கும் வேலையைக் குழந்தையிடம் விடலாமா என்பதை 1920-களிலேயே சோதித்துப் பார்த்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள் முன்னால் வகைவகையான உணவைக் கிண்ணங்களில் வைத்தார். செவிலியர்கள் எதையும் ஊட்ட முந்தக் கூடாது, குழந்தை கைநீட்டியதை மட்டுமே கொடுக்கலாம். ஒருநாள் ஒன்றையே தின்று மறுநாள் அதைத் தொடாமல் விட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லாரும் நன்றாகவே வளர்ந்தார்கள். 1939-ல் இதைச் சொல்லும்போது டேவிஸ் ஒன்றை மறைக்கவில்லை: கிண்ணங்களில் இருந்த எல்லாமே சர்க்கரையும் மாவும் கலக்காத நல்ல உணவு. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு என்பது பிள்ளையின் விருப்பம். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். எடை ஏறுகிறதா என்பதைத் தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவரிடம் இருக்கும் வளர்ச்சி அட்டையில் தெரியும்.

சிந்துவது பற்றியும் ஒரு வார்த்தை. பாண்டியன் அறிவுடை நம்பி, பிள்ளை சோற்றைத் தொட்டும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்வதைப் பெரிய செல்வமாகப் பாடி வைத்தார். அரண்மனையில் தரையைத் துடைக்க ஆள் இருந்திருக்கும். வாகட் இரண்டு படுக்கையறை வீட்டில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

பல்லும் ஒருநாள் வரும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அதற்கென்றே பல்லுக்கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையில் கொட்டிக் கொண்டாடுவார்கள். பல்வரிசை மாதிரி செருகும் தேங்காய்ச் சில்லைப் பிள்ளை எடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குத் தட்டில் மாற்றம் எதுவும் தேவையில்லை. கடைவாய்ப்பல் வரும்வரை இதே மெத்துப் பதம்தான். மாறுவது குளியலறையில். முதல் பல் எட்டிப்பார்த்த நாளிலிருந்து மென்மையான பிரஷ்ஷில் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை தடவி, காலையும் இரவும் துலக்கிவிட வேண்டும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடலாம். 18 மாதம் ஆகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் கண்டிப்பாகக் காட்டுங்கள். அதுவரை இட்லியை நிறுத்த வேண்டாம்.